ஆஃப்டர்மார்க்கெட் ஏர் இன்டேக்: அளந்து பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ஃபில்டர், பெட்டி, குழாய் எல்லாம் சேர்ந்ததுதான் ஏர் இன்டேக். அதை மாற்ற நினைக்கும் பலரும் முதலில் கேட்பது "எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. காரோடு வந்த இன்டேக் உங்கள் எஞ்சினுக்குப் போகும் காற்றை எவ்வளவு தடுக்கிறது? இது தெரியாமல் வாங்கினால், இல்லாத குறையைச் சரிசெய்யப் பணம் கொடுத்ததாக முடிந்துவிடலாம். நல்ல சேதி என்னவென்றால், இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. பல கார்களில் காரின் சென்சார் அளவுகளைப் படிக்கும் ஒரு சாதாரண ஓபிடி ஸ்கேனரும் ஒரு போனும் போதும். அதனால் இந்த வழிகாட்டியில் பொருளைப் பார்க்கும் முன் அளவு எடுக்கிறோம்.

அதற்கும் முன்னால் கொஞ்சம் கணக்கு. அது புரிந்துவிட்டால் விளம்பரங்களில் பாதியை நீங்களே தள்ளிவிடுவீர்கள்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் ஒருமுறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கிறது. 2.0 லிட்டர் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் ஓடும்போது, சிலிண்டர்கள் முழுதாக நிரம்புகின்றன என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 6000 லிட்டர் காற்று. அதாவது நொடிக்கு 100 லிட்டர். 1.2 லிட்டர் எஞ்சினுக்கு நொடிக்கு 60 லிட்டர். பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று கூடினால்தான் பெட்ரோலும் கூட எரியும், பவரும் கூடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ இல்லாத எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுவது வெளியில் இருக்கும் காற்றழுத்தம்தான். கடல் மட்டத்தில் அது சுமார் 101 கிலோபாஸ்கல். ஃபில்டரும் பெட்டியும் குழாயும் சேர்ந்து அதில் 2 கிலோபாஸ்கலைத் தின்றுவிட்டால், எஞ்சின் இழப்பது ஏறத்தாழ 2 சதவீதக் காற்று. இன்டேக்கையே கழற்றி வைத்துவிட்டு ஓட்டினாலும் திரும்பக் கிடைப்பது அந்த 2 சதவீதம்தான். 100 குதிரைத்திறன் எஞ்சினில் 2 குதிரைத்திறன். காற்றின் வெப்பநிலையும் குழாயின் நீளமும் இதைச் சற்றுக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஆனாலும் உச்சவரம்பு எங்கே இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. இதே எஞ்சினுக்கு "15 குதிரைத்திறன் கூடும்" என்று ஒரு பெட்டியில் எழுதியிருந்தால், அந்தப் பெட்டியை அப்படியே கீழே வைத்துவிடலாம்.

படி 1: எதற்காக மாற்றுகிறீர்கள்?

காரணத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பவர், சத்தம், தூசி, டியூனிங்குக்கான (எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றுவதற்கான) தயாரிப்பு எல்லாமே நியாயமான காரணங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பொருள் வேறு. சத்தத்தைப் பற்றிச் சிலர் வெட்கப்பட்டுக்கொண்டே பேசுவார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கம்பெனி இன்டேக்கில் காற்றின் உறுமலை அடக்கவே ரெசனேட்டர் என்ற வெற்று அறைகளை வைத்திருக்கிறார்கள். கூம்பு வடிவக் கோன் ஃபில்டர் போட்டால் அவை போய்விடும், எஞ்சின் மூச்சு விடுவது உங்களுக்குக் கேட்கும். அது பிடித்திருந்தால் அதுவே போதுமான காரணம்.

மைலேஜ் மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து வைத்து இன்றைய பெட்ரோல் கார்களை ஓட்டிப் பார்த்தார்கள். வேகமெடுப்பு குறைந்தது, மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை. காரணம் எளிது. எவ்வளவு காற்று வருகிறதோ அதற்கேற்ற எரிபொருளைத்தான் இசியு, அதாவது எஞ்சினின் கணினி, ஊற்றுகிறது. நீங்கள் ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்து, அதாவது பாதி த்ராட்டிலில் போகும்போது, காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடே காற்றை மறித்துக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே ஃபில்டரின் சின்னத் தடை ஒரு பொருட்டே இல்லை. அடைத்துப்போன ஃபில்டரே மைலேஜைக் கெடுக்காதபோது, நல்ல நிலையில் இருக்கும் ஃபில்டரை மாற்றி மைலேஜைக் கூட்ட வழியில்லை.

படி 2: இருக்கும் இன்டேக்கை அளந்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மற்ற எல்லாப் படிகளையும் விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

முதலில் ஒரு புது கம்பெனி ஃபில்டரைப் போடுங்கள். பழைய, அடைத்த ஃபில்டரோடு அளந்தால் ஒப்பீடே தப்பாகிவிடும். புது ஃபில்டர் போட்டதிலேயே பிக்கப் திரும்பிவிட்டால் வேலை அங்கேயே முடிந்தது. இப்படி முடிந்துபோகும் கார்கள் நிறைய.

அப்புறம் காரில் மேப் சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள். இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தைச் சொல்லும் சென்சார் அது. சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரில் அதன் அளவைப் பாருங்கள். அப்போது அது காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தம். 100 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். பிறகு டைனோவிலோ (காரை உருளைகளின் மேல் ஓட்டிப் பவரை அளக்கும் கருவி), மூடிய டிராக்கிலோ முழு த்ராட்டிலில் எஞ்சினின் உச்ச ஆர்பிஎம்மான ரெட்லைன் அருகே வரை போய், அந்த நேரத்து அளவைப் பதிவு செய்யுங்கள். பொதுச் சாலையில் இதைச் செய்ய வேண்டாம். ஓட்டுபவர் திரையைப் பார்க்கவும் வேண்டாம், பதிவு ஆப்பில் தானாகச் சேரட்டும். 97 என்று வந்தால், ஃபில்டர், குழாய், த்ராட்டில் பாடி எல்லாம் சேர்ந்து தின்றது 3 கிலோபாஸ்கல். அதில் ஒரு பகுதி த்ராட்டில் பாடியின் பங்கு. ஆக இன்டேக் மாற்றத்தால் 3 சதவீதத்துக்கும் கீழேதான் எதிர்பார்க்கலாம். 99 என்று வந்தால், கம்பெனி பொறியாளர்கள் தங்கள் வேலையை நன்றாகவே செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

டர்போ காரில் மேப் சென்சார் டர்போவுக்குப் பின்னால் இருப்பதால் இந்த வழி பலிக்காது. மேப் சென்சாரே இல்லாத கார்களிலும் அப்படித்தான். ஃபில்டருக்குப் பின்னால், டர்போவுக்கோ த்ராட்டிலுக்கோ முன்னால் ஒரு சின்ன ஹோஸ் செருகி டிஜிட்டல் மானோமீட்டரில் அளக்க வேண்டும். மானோமீட்டர் நீர் உயரத்தில் காட்டினால் 10 சென்டிமீட்டர் என்பது சுமார் 1 கிலோபாஸ்கல்.

அடுத்து உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை. ஸ்கேனரில் ஐஏடி என்று இருக்கும். சீரான வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டியபின் ஒரு அளவு, நெரிசலில் நின்றிருக்கும்போது ஒரு அளவு, அந்த நேரத்து வெளி வெப்பநிலை, மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது வெளிக்காற்றை விட ஐந்து டிகிரி, பத்து டிகிரிதான் கூடுதல் என்றால் உங்கள் காரில் ஏற்கெனவே குளிர்காற்று இன்டேக் இருக்கிறது. இன்றைய கார்கள் பலவற்றில் கம்பெனிக் குழாயே ரேடியேட்டருக்கு மேலே, கிரில்லுக்குப் பின்னாலிருந்துதான் காற்றை எடுக்கிறது.

கடைசியாக ஃபியூயல் டிரிம், அதாவது இசியு எரிபொருளில் செய்யும் திருத்தத்தின் சதவீதம். குறுகிய காலம், நீண்ட காலம் என்று இரண்டு இருக்கும். இரண்டையும் ஐடிலிலும் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போதும்) ஓட்டத்திலும் குறித்து வையுங்கள். புது இன்டேக் போட்டபின் எஞ்சின் சந்தோஷமாக இருக்கிறதா என்று சொல்லப்போவது இந்த எண்கள்தான்.

படி 3: உங்கள் கார் காற்றை எப்படி அளக்கிறது?

இங்கேதான் எஞ்சினுக்கே ஆபத்து வரக்கூடிய தவறு நடக்கிறது. அதனால் நிதானமாகப் படியுங்கள்.

மேப் சென்சாரை மட்டும் நம்பும் கார்களில் இசியு அழுத்தம், வெப்பநிலை, ஆர்பிஎம் மூன்றையும் வைத்துக் காற்றைக் கணக்கிடுகிறது. குழாயின் விட்டம் மாறினாலும் அதற்குக் கவலை இல்லை. வெப்பநிலை சென்சார் சரியான இடத்தில் இருந்தால் போதும்.

மாஃப் சென்சார் உள்ள கார்களில் கதை வேறு. குழாய்க்குள் ஒரு சூடான கம்பியோ மெல்லிய படலமோ இருக்கும். கடந்து போகும் காற்று அதைக் குளிர்விக்கும் அளவை வைத்து இசியு மொத்தக் காற்றையும் ஊகிக்கிறது. சென்சார் பார்ப்பது குழாயின் ஒரு சின்ன இடத்தை மட்டும். மீதியை, "குழாயின் விட்டம் இவ்வளவு" என்று தனக்குச் சொல்லி வைத்திருக்கும் எண்ணிலிருந்து இசியு கணக்கிட்டுக்கொள்கிறது. அந்த விட்டம் மாறினால் கணக்கு முழுவதும் தப்பு. 70 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 73.5 மில்லிமீட்டர் குழாய் வந்தால், விட்டம் 5 சதவீதம்தான் கூடியிருக்கிறது. பரப்போ 10 சதவீதம் கூடிவிட்டது. அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் சுமார் 10 சதவீதம் குறைவாகக் காட்டும், எரிபொருளும் அந்த அளவுக்குக் குறையும்.

சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்துத் திருத்திவிடும். திருத்தம் எல்லை மீறினால் பி0171 என்ற பிழைக் குறியீடு வந்து செக் எஞ்சின் விளக்கு எரியும். முழு த்ராட்டிலில்தான் பிரச்சினை. பல கார்களில் அந்த நேரத்தில் ஆக்சிஜன் சென்சாரின் பேச்சை இசியு கேட்பதில்லை, அட்டவணைப்படி ஊற்றுகிறது. எஞ்சின் மிக அதிகமாக உழைக்கும் அதே நொடியில் எரிபொருள் குறைவு. வெப்பம் ஏறும், எரிபொருள் தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் வரும், பிஸ்டன் பாதிக்கப்படலாம்.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. முழு த்ராட்டிலில் குளிர்ச்சிக்காகக் கம்பெனிகள் கொஞ்சம் கூடுதலாகவே எரிபொருள் ஊற்றுவது வழக்கம். மாஃப் குறைவாகக் காட்டினால் அந்தக் கூடுதல் குறைந்து டைனோவில் சற்றுப் பவர் ஏறும். காற்று கூடாமலேயே வந்த பவர் அது, பாதுகாப்புக்காக வைத்த இடைவெளியிலிருந்து எடுத்த பவர். "டியூன் தேவையில்லை, உடனே பவர்" என்று சொல்லும் கிட் எதுவாக இருந்தாலும், மாஃப் இருக்கும் பகுதியின் உள்விட்டம் கம்பெனிக் குழாய்க்குச் சமமா என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம்.

மாஃபுக்கு முன்னால் தேன்கூடு வடிவத்தில் ஒரு வலை இருந்தால் அதைப் பிடுங்கி எறியாதீர்கள். காற்றை நேராக்கிச் சென்சாருக்கு அனுப்புவது அதுதான். மாஃபுக்கு நெருக்கமாகக் கூர்மையான வளைவு உள்ள கிட்டும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

படி 4: வகையைத் தேர்ந்தெடுங்கள்

கம்பெனிப் பெட்டியிலேயே உட்காரும் மாற்று ஃபில்டர்தான் முதல் வகை. பெட்டி, குழாய், மாஃப் எதுவும் மாறாது. சத்தமும் பெரிதாக மாறாது, லாபமும் சிறிதுதான். ஆபத்தும் அதே அளவுக்குச் சிறிது. அன்றாடம் ஓட்டும், டியூன் செய்யாத காருக்கு இதற்கு மேல் தேவைப்படுவது அபூர்வம் என்பதே என் கருத்து.

ஷார்ட் ராம் என்பது குட்டைக் குழாயும் கோன் ஃபில்டரும். மாட்டுவது எளிது, சத்தம் பிரமாதம். ஆனால் ஃபில்டர் உட்கார்ந்திருப்பது எஞ்சின் அறைக்குள்ளேயே. 30 டிகிரி காற்றுக்குப் பதில் 60 டிகிரி காற்று உள்ளே போனால் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைகிறது. தோராயமாக மூன்று டிகிரிக்கு ஒரு சதவீதம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். படி 2-ல் பார்த்த 2, 3 சதவீத லாபம் இதன் முன் நிற்குமா? அதோடு காற்று சூடானால் இசியு இக்னிஷன் டைமிங்கையும் பின்னுக்கு இழுக்கும். இந்த வகைதான் வேண்டும் என்றால், மூன்று பக்கமும் அடைத்து, மேல் விளிம்பில் ரப்பர் பட்டையோடு போனட்டில் அழுந்தி மூடும் வெப்பத் தடுப்பு உள்ளதை மட்டும் எடுங்கள். பெயருக்கு ஒரு தகடு வைத்திருப்பதால் பயனில்லை.

கோல்டு ஏர் இன்டேக்கில் நீளமான குழாய் ஃபில்டரை ஃபெண்டருக்குள்ளோ பம்பருக்குப் பின்னாலோ கொண்டுபோய் வைக்கும். வெப்பநிலை விஷயத்தில் நல்லது. நீளமான குழாய் பொதுவாக நடுத்தர ஆர்பிஎம் டார்க்குக்கும் உதவும், குழாய்க்குள் அழுத்த அலைகள் முன்னும் பின்னும் போய்வருவதால். தண்ணீர்தான் இதன் எதிரி. அதற்குத் தனியாக ஒரு படி வைத்திருக்கிறேன்.

மூடிய பெட்டி இன்டேக் என்பது பெரிய கோன் ஃபில்டரை ஒரு பெட்டிக்குள் அடைத்து, கிரில்லிலிருந்து காற்றுக் குழாய் கொடுப்பது. கார்பன் ஃபைபரில் செய்து கொள்ளை விலைக்கு விற்பார்கள். வேலை செய்வது பெட்டியின் மூடலும் குழாயின் வடிவமும்தான். அதே வடிவம் பிளாஸ்டிக்கில் கிடைத்தாலும் அதே பலன். டர்போ பூஸ்ட்டை (டர்போ தரும் அழுத்தத்தை) ஏற்றி டியூன் செய்த காருக்கு இந்த வகையைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

டர்போ பற்றி ஒரு வார்த்தை. டர்போ காரில் இசியு ஒரு இலக்கு அழுத்தத்தை வைத்துக்கொண்டு அதை எட்டும்வரை டர்போவைச் சுழற்றும். முன்னால் தடை இருந்தால் அதே இலக்குக்கு டர்போ கூடுதலாகச் சுழல வேண்டும், காற்றும் கூடுதலாகச் சூடாகும். டர்போவுக்குத் திறன் மிச்சம் இருக்கும்வரை இன்டேக் மாற்றம் பெரிய எண்ணைக் காட்டாது. டர்போ தன் எல்லைக்குப் பக்கத்தில் ஓடும்போதுதான் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். டர்போவுக்கு முன் வரும் குழாய் உறிஞ்சலில் சப்பிப் போகாத கெட்டியானதாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம்.

அலுமினியக் குழாயா பிளாஸ்டிக் குழாயா என்ற சண்டையில் அதிக நேரம் செலவிட வேண்டாம். 70 மில்லிமீட்டர் குழாயில் நொடிக்கு 100 லிட்டர் போனால் காற்றின் வேகம் நொடிக்கு 26 மீட்டர். ஒரு மீட்டர் குழாயை அது 0.04 நொடியில் கடந்துவிடும், சூடாக நேரமே இல்லை. நின்று நின்று போகும் நெரிசலில் வித்தியாசம் இருக்கும், ஆனால் அங்கே பவர் யாருக்கும் தேவையில்லை. ஃபில்டர் எந்தக் காற்றை இழுக்கிறது என்பதே முக்கியம்.

படி 5: ஃபில்டர் எதனால் ஆனது?

எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்தப் படி. மணல்தூசியில் இருக்கும் சிலிக்கா எஃகையே தேய்க்கும் கடினம் கொண்டது. ரிங், சிலிண்டர் சுவர், டர்போவின் இறக்கைகள் எல்லாவற்றையும் மெதுவாகத் தின்னும்.

காகித ஃபில்டர்கள் தூசியைப் பிடிப்பதில் மிகச் சிறந்தவை. தூசி படியப் படிய அவற்றின் பிடிக்கும் திறன் கூடவே செய்கிறது. அடிக்கடி தட்டித் தட்டிச் சுத்தம் செய்வது அதனால்தான் வேண்டாத வேலை. எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டருக்குப் பெயர் பெற்றவை கே அண்ட் என், பிஎம்சி போன்றவை. காற்று எளிதாகப் போகும், கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். எண்ணெய் அளவுக்கு மீறினால் அது மாஃப் கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும், குறைந்தால் தூசி உள்ளே போகும். செயற்கை இழையாலான உலர் ஃபில்டர்களில் எண்ணெய்த் தொல்லை இல்லை. ஏஇஎம் இதற்கு அறியப்பட்ட பெயர். மாஃப் உள்ள காருக்கு நான் முதலில் பார்ப்பது உலர் வகையைத்தான். பைப்பர்கிராஸ் போன்றவை செய்யும் ஃபோம் ஃபில்டர்கள் போட்டிக் கார்களிலும் மண்பாதை வண்டிகளிலும் அதிகம். அவற்றுக்கும் பராமரிப்பு ஒழுங்காக வேண்டும்.

எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஃபில்டர் சோதனைக்கு ஐஎஸ்ஓ 5011 என்ற தரமுறை இருக்கிறது. எவ்வளவு தடை, எவ்வளவு தூசியைப் பிடிக்கிறது, நிரம்பும் முன் எவ்வளவு தூசியைத் தாங்கும் என மூன்றையும் அது அளக்கிறது. ஒரு ஃபில்டர் 99 சதவீதம், இன்னொன்று 97 சதவீதம் பிடிக்கிறது என்றால் வித்தியாசம் இரண்டு என்று தோன்றும். உள்ளே போகும் தூசியைப் பாருங்கள்: 1 சதவீதம் எங்கே, 3 சதவீதம் எங்கே! மூன்று மடங்கு. சோதனையில் பயன்படுத்தியது நுண்தூசியா கரடுமுரடான தூசியா என்பதையும் கேட்க வேண்டும். கரடான தூசியில் எல்லா ஃபில்டரும் அழகான எண்ணைக் காட்டும். "50 சதவீதம் கூடுதல் காற்றோட்டம்" என்று மட்டும் எழுதி, எந்த அழுத்த வித்தியாசத்தில் அளந்தோம் என்று சொல்லாத எண் எதையும் சொல்லவில்லை.

படி 6: தண்ணீர்

காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துபோகும். ஹைட்ரோலாக் என்பது இதுதான். எஞ்சினையே மாற்ற வேண்டிய செலவு. பம்பருக்குக் கீழே தொங்கும் கோன் ஃபில்டர் தண்ணீரில் முங்கினால் ஒரு சில நொடியில் இது நடக்கும். ஃபில்டருக்கு மேல் போடும் நீர் விலக்கும் உறை தெறிக்கும் துளிகளைத் தடுக்கும், முங்கினால் காப்பாற்றாது. குழாயின் நடுவே வைக்கும் பைபாஸ் வால்வு டர்போ இல்லாத சில கார்களுக்கு உதவும்.

நீங்கள் போகும் சாலையில் தண்ணீர் தேங்குமா? தேங்கும் என்றால் ஃபில்டரின் அடிப்பாகம் கம்பெனிக் குழாயின் வாயை விடத் தாழ்வாக இருக்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையிலேயே பல கிட்டுகள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். விழட்டும்.

படி 7: டைனோ சார்ட்டை எப்படிப் பார்ப்பது

டைனோவின் எண்ணைத் தட்பவெப்பத்துக்கு ஏற்பத் திருத்துவார்கள். எஸ்ஏஇ ஜே1349 முறை 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் உலர் காற்றை அடிப்படையாக வைக்கிறது. எஸ்டிடி என்ற பழைய முறை அதைவிடக் குளிர்ந்த காற்றை வைத்துக் கணக்கிடுவதால் அதே கார் சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். "முன்" ஒரு முறையில், "பின்" இன்னொரு முறையில் இருந்தால் அந்த லாபம் முழுக்கக் காகிதத்தில்தான் இருக்கிறது. போனட் மூடியிருந்ததா, ஒரே நாளில் ஓட்டினார்களா, ஒவ்வொன்றும் ஒருமுறையா பலமுறையா, இடையில் டியூன் மாற்றினார்களா என்பதையும் பாருங்கள். போனட்டைத் திறந்து வைத்துப் பெரிய மின்விசிறியின் முன் ஓட்டினால் ஷார்ட் ராமும் கோல்டு ஏர் போல நடந்துகொள்ளும். உச்ச எண்ணை மட்டும் பார்க்காமல், நீங்கள் தினமும் ஓட்டும் 2000 முதல் 4000 ஆர்பிஎம்மில் கோடு எங்கே போகிறது என்று பாருங்கள். மேல் ஆர்பிஎம்மில் 3 குதிரைத்திறன் கூட்டிக் கீழ் ஆர்பிஎம்மில் 5 குறைக்கும் இன்டேக்குகள் இருக்கின்றன.

படி 8: சட்டமும் வாரண்டியும்

உங்கள் பகுதியின் விதிகளை வாங்கும் முன்பே பாருங்கள். புகைச் சோதனையில் கண்ணால் பார்க்கும் பரிசோதனையும் உள்ள இடங்களில் அனுமதி இல்லாத இன்டேக் இருந்தால் வண்டி திருப்பி அனுப்பப்படும். கலிபோர்னியா காற்று வள வாரியம் சோதித்து அனுமதித்த பாகங்களுக்கு ஒரு நிர்வாக ஆணை எண் இருக்கும், அது போனட்டுக்கு அடியில் ஒட்டும் ஸ்டிக்கராக வரும். அங்கே ஓட்டாதவருக்கும் அந்த எண் ஒரு நல்ல அடையாளம்: யாரோ ஒருவர் புகையை அளந்து பார்த்திருக்கிறார். வாரண்டியில் இருக்கும் கார் என்றால் டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 9: வாங்கும் முன் கடைசிச் சரிபார்ப்பு, அப்புறம் மாட்டுதல்

மாடல், ஆண்டு, எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் பொருந்துகிறதா என்று பாகத்தின் எண்ணை வைத்துச் சரிபாருங்கள். ஒரே மாடலில் வரும் இரு வகை எஞ்சின்களுக்கு மாஃப் வேறாக இருக்கலாம். "எல்லாக் காருக்கும் பொருந்தும்" கிட்டில் மாஃப் விட்டம், பிரீதர் ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவருவது), தாங்கும் பிராக்கெட் எதுவும் உங்கள் காருக்காகச் செய்ததாக இருக்காது. பிரபல பிராண்டுகளுக்குப் போலிகளும் உண்டு. ரப்பர் விளிம்பில் பிசிறு, மங்கலான எழுத்து, வலைக்கம்பி சீரற்று மடிந்திருப்பது எல்லாம் எச்சரிக்கை.

மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு, எதையும் பிரிக்கும் முன் ஒவ்வொரு ஹோஸையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த த்ராட்டில் வாயில் சுத்தமான துணியைச் செருகி வையுங்கள், ஸ்க்ரூ ஒன்று உள்ளே விழுந்தால் போதும், எஞ்சின் போய்விடும். ஸ்டார்ட் செய்யும் முன் துணியை எடுக்க மறக்காமல் இருக்க, அதன் நுனி நன்றாக வெளியே தெரியும்படி விடுங்கள். மாஃபை மாற்றும்போது கம்பியைத் தொடாதீர்கள், ஓ-ரிங்கைப் பாருங்கள், அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்கட்டும். பிரீதர் ஹோஸைத் திரும்ப இன்டேக்கிலேயே இணைக்க வேண்டும். அதைத் திறந்து விட்டு நுனியில் குட்டி ஃபில்டர் மாட்டும் பழக்கம் புகை விதிக்கும் எதிரானது, அளக்காத காற்று உள்ளே வரவும் வழிவிடும். எஞ்சின் தன் மவுண்டுகளில் ஆடும் என்பதை நினைவில் வைத்துக் குழாயைச் சுற்றிலும் விரல் தடிமனுக்காவது இடம் விடுங்கள். போனட்டை மெதுவாக மூடிப் பாருங்கள். கிளாம்ப்களை இறுக்குங்கள், ஆனால் பிளாஸ்டிக் நசுங்கும் அளவுக்கு வேண்டாம்.

படி 10: மறுபடியும் அளவு

சில நாள் ஓட்டிய பிறகு படி 2-ன் எண்களை அதே மாதிரியான வானிலையில் திரும்ப எடுங்கள். நீண்ட கால ஃபியூயல் டிரிம் பழைய அளவிலிருந்து ஓரிரண்டு சதவீதம் நகர்ந்தால் கவலையில்லை. ப்ளஸ் 10-ஐத் தாண்டினால் முழு த்ராட்டிலைத் தவிர்த்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். ஐடிலில் அதிகமாகவும் வேகத்தில் இயல்பாகவும் இருந்தால் மாஃபுக்குப் பின்னால் எங்கோ காற்றுக் கசிவு. எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி அதிகமாக இருந்தால் குழாய் விட்டத்தைச் சந்தேகப்படுங்கள். பி0101 குறியீடு வந்தால் மாஃபின் இணைப்பு, திசை, எண்ணெய்ப் படிவு இவற்றைப் பாருங்கள். காற்று வெப்பநிலை பழையதை விடக் கூடியிருந்தால், வெப்பத் தடுப்பு சரியாக மூடவில்லை.

ஒரு மாதம் கழித்து ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மண்நிறத் தூசி வந்தால் ஃபில்டர் கசிகிறது, அல்லது விளிம்பு சரியாக உட்காரவில்லை. அடுத்த ஆயில் மாற்றத்தில் பழைய ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்ப வசதி இருந்தால் சிலிக்கானின் அளவைப் பாருங்கள். முன்னைவிடக் கணிசமாக ஏறியிருந்தால் எஞ்சினுக்குள் மண் போகிறது. பவர் எவ்வளவு கூடியிருந்தாலும் அந்த ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள்.

கழுவும் வகை ஃபில்டர் என்றால் அதற்கான கரைசலையே பயன்படுத்தி, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய நீரோட்டத்தில் கழுவுங்கள். பெட்ரோலோ அழுத்த நீரோ கம்ப்ரஸர் காற்றோ வேண்டாம், இழை பிரிந்துவிடும். நிழலில் முழுதாகக் காயட்டும். பிறகு எண்ணெயை மடிப்புகளின் மேல் மெல்லிய கோடாக விட்டு, அது தானாகப் பரவும்வரை காத்திருங்கள். சொட்டினால் அதிகம். ஒற்றி எடுத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கழற்றிய கம்பெனிப் பெட்டியையும் கிளிப்புகளையும் ஒரே பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். புகைச் சோதனைக்கோ, வாரண்டி வேலைக்கோ, காரை விற்கும் நாளுக்கோ அவை கட்டாயம் தேவைப்படும்.